மகளைக் கூட்டிவர டெக்லன் சேரின் கரைக்கு

பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த முகத்தை வவுனியாவில் வைத்தே அடையாளம் கண்டுவிட்டேன். சிவந்த கன்னங்கள், உடைந்து கோணிய மூக்கு, நெற்றியில் விழுந்த நரைமயிர். முருகனுக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் அந்த வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே சிவப்பு எழுத்தில், வாத்தியாரைச் சொல்வது போல, 'எங்கள் சேர்' என்று இருந்தது.

எனக்கு அவர்மேல் கோபம். அவருக்கு உதவியாக ஆறு மாதம் நிற்கிறேன் என்று அயர்லாந்தில் இருந்து முல்லைத்தீவுக்கு வந்த என் மகள் நிவேதா, டெங்குக் காய்ச்சலில் வைத்தியசாலையில் கிடந்தாள். ஆறு மாதம் முடிந்தாலும் வரமாட்டேன், இன்னும் ஆறு மாதம் நிற்பேன் என்று காய்ச்சல் வருவதற்கு முதல் கிழமைதான் சொல்லியிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு திரும்புவது ஒன்றுதான் எனக்கிருந்த வேலை. "பிள்ளையோட வந்து இறங்குங்கோ, இல்லாட்டி இறங்காதேங்கோ" என்று மனைவி விமான நிலைய வாசலில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் வீதியில் திரும்பிச் சிறிது தூரத்தில் பஸ்ஸின் பின்சில்லு காற்றுப் போனது. மாற்றுச் சில்லை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. எல்லோரும் இறங்கி ஒரு பாலை மரத்தின் கீழ் நின்றோம். அயர்லாந்தில் என்றால் ஆட்கள் தங்கள் தங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நிற்பார்கள். இங்கே முதலாவது நிமிடத்திலேயே விசாரணை தொடங்கிவிட்டது.

"அண்ணை எவ்விடம்?" என்றார் கொண்டக்டர்.

"பிறந்து வளர்ந்தது தர்மபுரம். இப்ப அயர்லாந்து."

"அயர்லாந்தோ! சேரின்ர ஊரெல்லோ!"

அதோடு மரத்தடி முழுக்க என்னைச் சுற்றி வந்துவிட்டது. ஒருவர் இளநீர் வெட்டித் தந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்த பெரியவர் ஒருவர் கிட்ட வந்து, "அங்க சேருக்குச் சிலை வைச்சிருக்கினமாம், உண்மையோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. அப்பிடி ஒண்டுமில்லை."

"சிலை இல்லையோ?" பெரியவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என்ன நாடப்பா அது!"

சிலை இல்லை. ஒரு சுவர்ப்படம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது.

அந்தப் படத்தில் இருந்த டெக்லனை எனக்குப் பத்துப் பதினைந்து வருடமாகத் தெரியும். நாங்கள் குடியேறிய அந்தச் சிறிய நகரத்தில்தான் அவரும் இருந்தார். இறைச்சிக்கடைக்காரரின் மகன். வாலிபத்தில் நன்றாக விளையாடியவராம், முழங்கால் போனதும் ஆட்டத்தை விட்டுவிட்டு நகரத்து உதைபந்தாட்ட அணிக்கு முகாமையாளரானார். நாங்கள் போய்ச் சேர்ந்த வருடம் அந்த அணி தலைநகரத்துப் பெரிய அணியொன்றை வென்று கிண்ணம் எடுத்தது. எங்களுக்கு அப்போது மொழியும் தெரியாது, வீதியும் தெரியாது. ஏன் சனம் மழையில் நின்று அழுகிறது, ஏன் நரை விழுந்த ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று யன்னலால் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். மதுக்கடைக்காரன் தன் கடைச் சுவர் முழுவதும் அவர் முகத்தை வரைவித்தான். பாண் வாங்கப் போனாலும் அவர் கதைதான்.

பிறகு அணி தோற்கத் தொடங்கியது. அதே ஆட்கள் அதே மைதானத்தில், "போ, டெக்லன், போ" என்று பாட்டாகவே பாடினார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு வேலையால் நிறுத்தினார்களாம். அதற்குப் பிறகு சுப்பர்மார்க்கெட்டில் அவரை நான் பல தடவை கண்டிருக்கிறேன். கூடையோடு ஒரு வரிசையில் அவர் நுழைந்தால், அந்த வரிசையில் நின்ற சனம் அடுத்ததுக்குத் திரும்பிவிடும். சுவர்ப்படத்தின் மேல் தொலைபேசி விளம்பரம் வந்தது. மனைவியும் இறந்துபோக, ஒரு தொண்டு நிறுவனத்தோடு முல்லைத்தீவுக் கரைக்கு மைதானம் போட வந்தார். சில கிழமைக்கு என்று வந்தவர், பிறகு வருடத்தில் பாதிக்கு மேல் இங்கேதான். அயர்லாந்துக்கு வரும் மாதங்களில் சிறுமிகளுக்குப் பந்து பழக்குவார். அப்படித்தான் என் மகளும் அவரிடம் போனாள்.

இதையெல்லாம் மரத்தடியில் எப்படிச் சொல்வது? "அவரை அங்கையும் எல்லாருக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. சனம் சமாதானமடைந்தது. எங்கிருந்தோ உழவு இயந்திரத்தில் ஒரு சில்லு வந்து சேர்ந்தது.

வைத்தியசாலைக்கு நான் போய்ச் சேரும்போது பார்வை நேரம் முடிந்திருந்தது.

"நாளைக்கு வாங்கோ ஐயா" என்றார் வாசல் காவலாளி.

"என்ர மகள் உள்ளுக்கு. வெளிநாட்டிலயிருந்து வாறன்."

"எந்த நாடெண்டாலும் நேரம் ஒண்டுதான்."

அப்போது ஒரு பழைய சைக்கிள் வந்து நின்றது. சாரமும் உதைபந்தாட்ட மேற்சட்டையும் போட்ட டெக்லன் இறங்கினார். காவலாளி ஓடிப்போய்ப் படலையை முழுவதுமாகத் திறந்து சைக்கிளையும் வாங்கிச் சுவரில் சாத்தினார். "சேருக்கு நேரம் ஒண்டும் இல்லை" என்று எனக்கு விளக்கமும் தந்தார். என் பிள்ளையைப் பார்ப்பதற்கு நான் அந்த மனிதரின் பின்னால் போக வேண்டியிருந்தது. வழியில் இரண்டு தாதிமார் அவரோடு நின்று படம் எடுத்தார்கள். ஒரு நோயாளி சேலைன் ஏறிய கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

நோயாளர் விடுதி வாசலில் டெக்லன் நின்று திரும்பினார். "என்மேல் கோபமாக இருப்பீர்கள். இருக்கத்தான் வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில். விமானத்தில் வரும்போது அவருக்கென்று வசனம் அடுக்கி வைத்திருந்த நான், அவரைத் தாண்டி உள்ளே போனேன். நுளம்பு வலைக்குள் நிவேதா சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஐந்து வயதில் இருந்த அதே முகம்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் அந்த ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கரையால் நடந்தவன் நான். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பதால்தான் இங்கே சிரித்துக்கொண்டு வர முடிந்தது என்று நினைக்கிறேன். நாங்கள் அப்போது தாண்டி வந்த உடையார்கட்டின் பெயரை வீதிப் பலகையில் கண்டால் அவள் வாசிப்பாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

மூன்றாம் நாள் அவளை வீட்டுக்கு விட்டார்கள். வீடு என்றால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு அறையும் குசினியும். ஒரு தடவை டெங்கு வந்தவர்களுக்கு இரண்டாம் தடவை வந்தால் கூடுதல் ஆபத்து என்று வைத்தியர் சொன்னதை நான் தலைக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்த உடனே முற்றத்தில் கிடந்த சிரட்டை, போத்தல் மூடி, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தேன். அயலில் உள்ள முற்றங்களிலும் போய்க் கவிழ்த்தேன். சனம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

"அப்பா, நான் வரேல்ல. கோவிக்காதேங்கோ" என்றாள் நிவேதா, கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு.

"கை நடுங்குது. இந்தக் கையோட எந்தப் பிள்ளைக்குப் பந்து பழக்கப்போறாய்?"

"நடுக்கம் நிக்கும்."

"திரும்ப வந்தா?"

"டப்ளினில பஸ் அடிச்சா?"

அம்மாவின் வாய் அவளுக்கு. நான் எழும்பி வெளியே போனேன்.

அந்த ஊரின் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியும்போது கடற்கரையில் கரைவலை இழுப்பார்கள். ஒரு வள்ளம் வலையை வளைத்துக் கடலில் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். மற்ற இடங்களில் இப்போது உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்கிறார்கள். இங்கே வலையின் சொந்தக்காரரான அருளப்புச் சம்மாட்டி அதற்குச் சம்மதிக்கவில்லை. டெக்லனின் ஆட்டக்காரர்கள், பெடியளும் பெட்டையளும், முதலில் வலை இழுத்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவார்கள். நிவேதாவும் வந்த நாளில் இருந்து இழுத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். கடல் பக்கம் நான் போகவில்லை. தர்மபுரத்தில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவன், கடற்கரை என்றால் எனக்கு ஒரேயொரு நினைவுதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடிய ஒரு ஸ்கூட்டர் படலையில் நின்றது. பெண்கள் அணித் தலைவியின் தாய் ஸ்டெல்லா. கையில் ஒரு பையில் சூடை மீனும் இரண்டு சின்னப் பாரையும், இன்னும் துடித்தபடி.

"பிள்ளையின்ர பங்கு" என்று நீட்டினா.

காய்ச்சல்காரிக்கு மீன் கிரந்தி, நோயைக் கூட்டும் என்று என் தாய் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவா. "குறை நினைக்காதேங்கோ, வேண்டாம்" என்றேன்.

"வேண்டாமோ?"

"வேண்டாம் அக்கா. கொண்டு போங்கோ."

ஸ்டெல்லா பையின் வாயை முறுக்கிப் பிடித்தா. "பிள்ளை சொன்னதோ, நீங்கள் சொல்லுறியளோ?"

நிவேதா நித்திரை. மீன் கொண்டு வந்த மனுசியோடு நின்று வாதாட எனக்குத் தெம்பில்லை. "ரண்டு பேரும்தான்" என்றேன்.

"சரி, உங்கட விருப்பம்." ஸ்கூட்டரை உதைத்த உதையில் கோபம் தெரிந்தது. அடுத்த நாளும் வந்தா. பையை நீட்டவில்லை, தூக்கிக் காட்டினா. நான் தலையை ஆட்டினேன். அதற்கு அடுத்த நாள் ஸ்கூட்டர் வீட்டைக் கடந்து போனது. நல்லது, தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

வைத்தியசாலையில் நிவேதாவைச் சுற்றி எந்த நேரமும் பிள்ளைகள் நின்றார்கள் என்று தாதி சொல்லியிருந்தா. வீட்டுக்கு ஒருத்தியும் வரவில்லை. நிவேதா தொலைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அனுப்பிய செய்திகளைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தார்கள். மைதானம் கூப்பிடு தூரத்தில்தான். பின்னேரம் விசில் சத்தமும் கத்தலும் கேட்கும். அந்த நேரம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அணிக்கு வேறொரு பெண்ணை உதவிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ முகநூலில் போட்ட படத்தில் பார்த்தாள்.

"வெளிநாட்டுக்காரிதானே நான்" என்றாள் ஒரு மத்தியானம், யாரிடமோ சொல்வது போல. பிறகு, "சரி அப்பா. போவம்" என்றாள்.

நான் உடனே மனைவிக்கு அழைத்துச் சொன்னேன். அவள் அழுதாள். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் முற்றத்துச் சிரட்டைகளை எல்லாம் இன்னொரு முறை போய்க் கவிழ்த்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் டெக்லன் வந்தார். நிவேதா உள்ளே உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நின்று அயர்லாந்தில் இருக்கும் தன் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். சத்தமாகப் பேசுபவர், எல்லாம் கேட்டது. "ஓம் மகள், குளிசை போடுகிறேன்... இல்லை, இந்த மாதம் இல்லை... நீ சொல்வது சரிதான், அறுபத்தெட்டு வயது... அழாதே." தொலைபேசியைச் சாரத்தில் சொருகிக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"மீனை யார் திருப்பி அனுப்பியது?" என்று உள்ளே கேட்காதபடி குரலைத் தணித்துக் கேட்டார்.

"நான்தான். காய்ச்சலுக்குக் கூடாது."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எனக்கு எரிச்சல் வந்தது.

"நானும் அதையே செய்தேன்" என்றார். "முதல் வருடம். தகரக் கொட்டிலில் இருக்கும் சனம் எனக்கு மீன் தருகிறது. எனக்கோ நல்ல சம்பளம். எப்படி வாங்குவது? மரியாதையாக 'வேண்டாம்' என்றேன். மறுநாள் மைதானத்துக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பந்துப் பையோடு தனிய நின்றேன். என் ஊரில் நடந்ததே திரும்ப நடக்கிறது, இவர்களுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று பெட்டியைக் கட்டினேன். அப்போதுதான் அருளப்பு வந்து கேட்டார், எங்கட வலையை விட்டு ஏன் போறாய் என்று."

அவர் விளங்கப்படுத்தினார். அந்த வலையில் இழுப்பவர்கள் எல்லோருக்கும் கறிக்கு ஒரு பங்கு. நோய் வருத்தமாய்ப் படுத்திருப்பவருக்கும் பங்கு வீடு தேடிப் போகும். சமைப்பதும், பூனைக்குப் போடுவதும், அயலுக்குக் கொடுப்பதும் வாங்குபவரின் இஷ்டம். ஆனால் திருப்பி அனுப்பினால், இனி நான் உங்கள் வலையில் இல்லை, வேறு சம்மாட்டியிடம் போகிறேன் என்று அர்த்தம். பிறகு அந்த ஆளைத் தேடிப் போய்க் கெஞ்சுவது இந்த ஊர் வழக்கமில்லை.

"பிள்ளைகள் ஸ்டெல்லா வீட்டில் இருந்து அழுகிறார்கள்" என்றார். "நிவேதா விட்டுவிட்டாள் என்று."

"அவளுக்குத் தெரியாது. அவள் நித்திரை."

"அப்படித்தான் நினைத்தேன்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போகலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கூட்டிக்கொண்டுதான் போவேன். என் மகளுக்கு நான் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும் 'இந்த மாதம் இல்லை' என்ற பதிலை உங்களுக்கு உங்கள் மகள் சொல்ல வேண்டாம்."

படலைக்குப் போனவர் திரும்பி, "இவர்களுக்கு நான் ஒரு கிண்ணமும் எடுத்துக் கொடுக்கவில்லை, தெரியுமா?" என்றார். "மாவட்டப் போட்டியிலேயே பாதி வருடம் தோல்வி. தோற்றுவிட்டு வந்த அடுத்த நாள் காலையிலும் அந்த மீன் பை வந்துவிடும்." வீதியில் யாரோ "சேர்!" என்று கத்த, கையைக் காட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அவர் போன பிறகும் நிவேதாவிடம் இதைச் சொல்லாமல் இருந்தேன். சொல்லாமல் இருந்தால் போதும். உடுப்புப் பெட்டி பூட்டியாகிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் அவள் நுளம்பில்லாத, கரையில்லாத இடத்தில் இருப்பாள். சுகமாக இருப்பாள். நான் செய்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பின்னேரம் விசில் சத்தம் கேட்டது. நிவேதா கட்டிலில் இருந்தபடி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் வேறெங்கோ கண்டிருந்தேன் என்று யோசித்தேன், பிறகு பிடிபட்டது. சுப்பர்மார்க்கெட்டில், கூடையோடு, காலியான வரிசையில் நின்ற டெக்லனின் முகம். அந்த முகத்தோடு அவளை விமானத்தில் ஏற்ற முடியாது. காய்ச்சலோடு ஏற்றியிருப்பேன், கோபத்தோடு ஏற்றியிருப்பேன்.

மறுநாள் விடியக் கடற்கரைக்குப் போனேன். கடலைப் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வரிசையில் பிள்ளைகள் நின்றார்கள். டெக்லன் முன்னால் நின்றவர், என்னைக் கண்டும் காணாதவர் போல இருந்தார். ஸ்டெல்லா மட்டும் வாய் திறந்தா.

"என்ன ஐயா, இண்டைக்கு மீன் வேணுமாமோ?"

யாரோ சிரித்தார்கள். நான் வரிசையின் கடைசியில் கயிற்றைப் பிடித்தேன்.

"செருப்பைக் கழட்டுங்கோ அண்ணை" என்றார் அருளப்புச் சம்மாட்டி. "கையால இல்லை, இடுப்பால இழுங்கோ. பின்னுக்குப் பின்னுக்குப் போங்கோ. கடலைப் பாத்து நில்லுங்கோ."

கடலைப் பார்த்து நிற்காமல் இழுக்க முடியாது என்று எனக்குத் தெரியாது. பார்த்தேன். அது வெறும் கடலாகத்தான் இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்த கடல். இரண்டு உள்ளங்கையும் உரிந்தது. நான் ஏதோ வாய்க்குள் முனகியிருக்க வேண்டும். முன்னால் நின்ற பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து என் கையில் சுற்றிவிட்டாள்.

வலையின் மடி கரையேறியதும் மீனைக் கொட்டி, விற்கிறதை ஒதுக்கிவிட்டு, கறி மீனைச் சின்னச் சின்னக் கூறாகச் சம்மாட்டி மணலில் பிரித்தார். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு கூறு கிடந்தது. எல்லோரும் பையைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றார்கள்.

"உங்களுக்கோ அண்ணை? விருந்தாளிக்கும் குடுக்கிறனாங்கள்தான்" என்றார் சம்மாட்டி.

எனக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் மீனோடு போய், பெட்டியையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கலாம்.

"மகளுக்கு" என்றேன். "அவ சொல்லேல்ல. நான்தான் தெரியாமத் திருப்பி அனுப்பினனான். அவ வலையை விடேல்ல."

சம்மாட்டி குனிந்து அந்தக் கூறோடு இன்னும் ஒரு பாரையைச் சேர்த்தார். "இதை முதலே சொல்லுறதுக்கென்ன!" என்றா ஸ்டெல்லா. "இத்தினை நாளா நான் மனுசரோட கோவம்!"

வீட்டுக்குப் போய் நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாமே அப்பா" என்றாள். கோபம்தான். பையை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோனவள், அங்கே நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

நான் தனியத்தான் திரும்பப் போகிறேன் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நுளம்புச் சுருளையும், நான் கொண்டு வந்த குளிசைகளையும் பெட்டிக்குள் இருந்து எடுத்து அவள் அலுமாரியில் அடுக்கினேன். நுளம்பு வலையில் ஒரு ஓட்டை இருந்தது, தைத்தேன். இரவு எப்படிப் படுப்பாள், தண்ணீர் கொதிக்க வைப்பாளா, யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் ஏறியது. அது இறங்கவில்லை, இதை எழுதும்போதும் இறங்கவில்லை.

பின்னேரம் மனைவி கூப்பிட்டாள். "ரண்டு பேரும் எத்தினை மணிக்கு வந்து இறங்குவியள்? உங்களைக் கூட்டிவர ஆரை அனுப்புறது?"

"நான் மட்டும்தான்."

"அப்ப அவள்?" என்றாள். "அவளை அங்க ஆரிட்ட விட்டுட்டு வாறியள்?"

முற்றத்தில் பயிற்சி முடிந்து வந்த பிள்ளைகள் சேறும் வியர்வையுமாக நிறைந்திருந்தார்கள். யாரோ மீன் பொரியலைத் தட்டோடு பறித்துக்கொண்டு ஓட, நிவேதா கதிரையில் இருந்தபடியே அவளைத் திட்டினாள், எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். நான் தொலைபேசியை யன்னல் கம்பிக்கு வெளியே, அந்தச் சத்தத்தின் பக்கம், நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.